வெள்ளிக்கிழமை நான் அழுத்தாத பொத்தான்

அந்தப் பொத்தானை நான் அழுத்தவில்லை. அழுத்தியிருக்கலாம். கைப்பேசி என் முன்னால்தான் இருந்தது. அழுத்தும் அனுமதியும் எனக்கு இருந்தது. ஒரு விரல் பட்டிருந்தால் போதும். வேண்டுமென்றேதான் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று. அவருடைய மனைவியும் மகளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... ஏன் உங்களிடம்? நீங்கள் என்னைத் தெரியாதவர், அவ்வளவுதான் காரணம். திடீரென்று எனக்குப் பெரிய துணிச்சல் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில், கீழே சாப்பாட்டுக் கடை, மேலே நாங்கள். கிடங்குகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். மேருவில் இருக்கும் ஒரு கிடங்குதான் எங்கள் பெரிய வாடிக்கையாளர். அங்கே ஆட்கள் கையில் ஸ்கேனரோடு நின்று, ஒவ்வொரு பெட்டியாக 'பீப்' அடித்து லோரியில் ஏற்றுவார்கள். அந்த ஸ்கேனருக்குள் ஓடுவது நாங்கள் எழுதியது.

எழுதியதை மேருவுக்குக் கொண்டு சேர்க்க ஒரு கருவி உண்டு. நிரலை எடுத்து, தொகுத்து, சோதித்து, பழுதில்லை என்றால் அனுப்பி வைக்கும். கருவி என்றால் கையில் பிடிப்பதல்ல, இதுவும் ஒரு மென்பொருள்தான். எங்களிடம் இருந்தது மிகப் பழையது. பல வருடங்களாக அதைக் கட்டி மேய்த்தவள் நான். அலுவலகத்தில் அதற்கு 'பெரியப்பா' என்று பெயர். காரணமில்லாமல் நிற்கும், காரணமில்லாமல் ஓடும். "பெரியப்பாவுக்கு இன்னிக்கு மூட் சரியில்ல லா, மாலாக்காவைக் கூப்பிடு" என்பார்கள். நான் போய் எதையோ அணைத்து எதையோ போட்டால் ஓடிவிடும். எப்படி என்று யாருக்கும் தெரியாது. நானும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஒரு தைப்பூசத்தன்று பத்துமலையில், என் அக்கா மகள் பால்குடம் எடுத்தாள், துணைக்கு நடந்துகொண்டிருக்கிறேன். கைப்பேசி அடித்தது. பெரியப்பா நின்றுவிட்டாராம். உறுமிச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு வழி சொன்னேன். "நிம்மதியா சாமி கும்பிட விடுறாங்களா, பாரு!" என்று அக்காவிடம் சலித்துக்கொண்டேன். பொய்ச் சலிப்பு! உள்ளே எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? இவள் இல்லாவிட்டால் ஓடாது என்று நாலு பேர் நினைப்பதில் அப்படி ஒரு ருசி.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அலுவலகத்துக்குச் சாதிக் வந்தார்.

கீழக்கரைக்காரர். வேலை விசாவில் வந்தவர். பெரியப்பாவையே வைத்துக்கொள்வதா, புதுக் கருவிக்கு மாறுவதா என்று பாஸுக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. புதியதைப் போட்டுக் காட்டத்தான் சாதிக்கை எடுத்தார். மாறினால் அதை நடத்த ஆள் வேண்டும், விசா புதுப்பிக்கப்படும். மாறாவிட்டால் இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் நன்றாகத் தெரியும். சாலாக் செலாத்தானில் ஒரு ஃப்ளாட்டை வாடகைக்குப் பிடித்து, அப்போதுதான் மனைவியையும் மகளையும் அழைத்து வந்திருந்தார். மகள் அங்கே பாலர் பள்ளியில் சேர்ந்து, வந்த வேகத்தில் இந்த ஊர்க்காரர்கள் மாதிரி 'லா' போட்டுப் பேச ஆரம்பித்திருந்தாள். "ஊருக்குப் போனா எங்க உம்மா இவளை மலாய்க்காரப் பிள்ளைன்னு நினைச்சுக்குவாங்கக்கா" என்று சிரிப்பார்.

அவர் கொண்டு வந்த கருவிக்கு அலுவலகத்தில் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தோம். மாப்பிள்ளை பழுதாகி நின்றால் ஏன் நின்றான் என்று அவனே சொல்லுவான். பள்ளிப்படிப்பு முடித்து நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகூடப் படித்துப் புரிந்துகொள்ளலாம். இனி யாரும் மாலாக்காவைக் கூப்பிட வேண்டியதில்லை.

சாதிக்கின் மேல் எனக்குக் கோபமா? இல்லை. அதுதான் கொடுமை. எனக்கு அவரைப் பிடிக்கும். பசித்து வந்தால் என் டிபன் பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமை அந்த அலுவலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

ஒருநாள் மேருவுக்குப் போய் அந்தக் கிடங்கிலேயே நின்று பார்த்துவிட்டு வந்தார். இத்தனை வருடத்தில் எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

"அக்கா, லோரியில சரக்கு ஏறிக்கிட்டு இருக்கும்போது நாம புது நிரலை அனுப்புனா, எல்லா ஸ்கேனரும் ஒரே நேரத்துல அணைஞ்சு போகுது. ஆளுங்க மறுபடி லாகின் பண்றதுக்குள்ள டிரைவருங்க ஹார்ன் அடிச்சே ஆளைக் கொன்னுடுறாங்க. அதனால கடைசிப் படியில மாப்பிள்ளை நிப்பான். ஒரு ஆளு பார்த்து 'சரி'ன்னு அமுக்கினாத்தான் போவான்."

"யாரு அமுக்குவா?"

"நான். நான் இல்லாட்டி நீங்க."

"நான் எதுக்கு?"

"மேருவை உங்களைவிடத் தெரிஞ்சவங்க இங்க யாருக்கா?"

அவர் உண்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது பிச்சை போட்ட மாதிரி இருந்தது.

இரண்டையும் ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. வெள்ளிக்கிழமை நண்பகல். மேருக் கிடங்கின் மேலாளர் அன்றுதான் வர முடியும் என்றார். "சாதிக்குக்கு ஜும்மா இருக்குமே" என்று பாஸ் தயங்கினார். சாதிக் விடவில்லை.

"அதான் பாஸ் நல்ல நேரம்! ஜும்மா நேரத்துல மேருல டிரைவருங்க பாதிப் பேரு பள்ளிவாசல்லதான் இருப்பாங்க, ஒரு லோரியும் ஏறாது. நான் இல்லாம ஓடுறதைக் காட்டத்தானே இவ்வளவும் செஞ்சேன்! அக்கா இருக்காங்க, பார்த்துக்குவாங்க."

கிளம்பும்போது தொப்பியைச் சட்டைப் பைக்குள் திணித்தபடி என் மேசைக்கு வந்தார். "கடைசியில மஞ்சளா நிக்கும்கா. உங்க போனுக்கு அலர்ட் வரும். அமுக்கிடுங்க, மறந்துடாதீங்க."

"சரி தம்பி, போய்ட்டு வாங்க" என்றேன். அப்போது என் மனத்தில் ஒன்றுமில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். நம்பாவிட்டாலும் பரவாயில்லை... நானே சில நாள்களில் நம்புவதில்லை.

முதலில் பெரியப்பா ஓடினார். என்ன அதிசயமோ, அன்றைக்கு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அடுத்து மாப்பிள்ளை. பெரிய திரையில் ஒவ்வொரு கட்டமாகப் பச்சையாகிக்கொண்டே வந்தது. பெரியப்பாவைவிட வேகம். மேலாளர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைசிக் கட்டம் மஞ்சளாகி நின்றது.

என் கைப்பேசி அதிர்ந்தது.

நான் அதைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு நிமிடம் நிற்கட்டுமே என்று நினைத்தேன். ஒரே ஒரு நிமிடம்! இந்தப் பிள்ளையின் கருவியும் நிற்கும் என்று அவர்கள் பார்க்கட்டுமே... அவ்வளவுதான் என் ஆசை.

"என்ன லா மாலா, மாப்பிள்ளை நின்னுட்டாரு? 'வெயிட்டிங்'னு போட்டிருக்கு. எதுக்கு வெயிட்டிங்?" என்றார் பாஸ்.

எனக்குத் தெரியும். அந்தக் கடைசிப் படியைப் பற்றிச் சாதிக் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்; அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

"தெரியல பாஸ். சில நேரம் இப்படித்தான் நிக்குது" என்றேன்.

அந்த 'சில நேரம்' இருக்கிறதே... அது நானாகச் சேர்த்துக்கொண்டது. மாப்பிள்ளை அதற்கு முன் ஒருமுறைகூடக் காரணமின்றி நின்றதில்லை.

அதற்குப் பிறகு அழுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படி அழுத்துவது? இத்தனை நேரம் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பார்களே! முதல் பொய்யை விட அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "லோரியெல்லாம் வாசல்ல நிக்கும்போது இப்படி நின்னா நாங்க எங்க போறது பாஸ்?" என்றார். சற்று நேரத்தில் மாப்பிள்ளை காத்திருந்து அலுத்துச் சிவப்பானான். மேலாளரை அழைத்துக்கொண்டு பாஸ் சாப்பிடப் போய்விட்டார்.

சாதிக் படியேறி ஓடி வந்தார். திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அமுக்கலையாக்கா?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு.

"உங்களுக்கு அலர்ட் வரலையோ?" என்றார்.

வழியை அவரே திறந்து கொடுத்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு தலையாட்டல். என் சாமர்த்தியத்தைப் பாருங்கள்!

"சே... உங்க போனுக்குப் போகுதான்னு நான் சோதிக்கவே இல்லையே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் பக்கம் 'அனுப்பப்பட்டது' என்று மட்டும்தான் தெரியும். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. பாஸிடம் போய், தான் சரியாகச் சோதிக்கவில்லை, தன் தப்பு என்று மட்டும் சொன்னார்; என் பெயரையோ அந்தப் படியையோ எடுக்கவில்லை. பாஸ் நல்ல மனிதர்தான். ஆனால் வாடிக்கையாளர் பயந்துவிட்டாரே. பெரியப்பாவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. சாதிக்கின் விசா புதுப்பிக்கப்படவில்லை.

போவதற்கு முன் கீழே உள்ள கடைக்கு என்னைச் சாப்பிட அழைத்துப் போனார். மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். மகள் என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டு, "ஆன்டி, நாங்க ஊருக்குப் போறோம் லா, ஆனா திரும்பி வந்துடுவோம்" என்றாள். அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சாதிக்கோ எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்! "நீங்க எதுக்குக்கா வருத்தப்படுறீங்க? எனக்காக பாஸ்கிட்ட எவ்வளவோ பேசியிருப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

நான் பாஸிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

அப்புறம் என்ன நடந்தது என்று ஊகித்திருப்பீர்கள். மேருவில் லோரிகள் வரிசை கட்டி நிற்கையில் பெரியப்பா புது நிரலைக் கொண்டுபோய்த் தள்ளினார். எல்லா ஸ்கேனரும் அணைந்தன. வாசலில் ஹார்ன் சத்தம். தொலைபேசியில் மேலாளரின் சத்தம் அதைவிடப் பெரிது. "இதுக்கு ஒரு வழி பண்ணு மாலா" என்றார் பாஸ். வழி எனக்குத் தெரியும். பெரியப்பாவின் கடைசிப் படியில் ஒரு நிறுத்தம் வைத்தேன். ஒரு ஆள் பார்த்து 'சரி' என்று அழுத்தினால்தான் போகும்.

கூட்டத்தில் எல்லோர் முன்னும் பாஸ் என்னைப் பாராட்டினார். மேலாளர், "இதை முன்னமே செஞ்சிருக்கலாமே அக்கா!" என்றார். நான் சிரித்தேன். அது யாருடைய யோசனை என்று சொல்ல அப்போதும் வாய்ப்பு இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு இன்னும் ஒரு பிடி சோறு கூடுதலாகவே கிடைத்தது.

சாதிக் இப்போது சென்னையில் இருக்கிறார். வேலை கிடைக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. பெருநாளைக்கு எனக்கு வாழ்த்து அனுப்பத் தவறுவதில்லை. நானும் தீபாவளிக்கு அனுப்புவேன். போன வாரம் ஒரு செய்தி வந்தது.

"அக்கா, இங்க பெரிய டீம் ஒண்ணைப் பார்த்துக்கச் சொல்றாங்க. பயமா இருக்கு, வேணாம்னு சொல்லிட்டேன். அன்னைக்கு மாதிரி எதையாவது கோட்டை விட்டுடுவேனோன்னு தோணிக்கிட்டே இருக்கு. தப்பா நினைக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு நிஜமாவே உங்க போனுக்கு அலர்ட் வரலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

வேலை மட்டும்தான் போயிற்று என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவருக்குத் தன் மேலிருந்த நம்பிக்கையையும் நான்தான் எடுத்து வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்க ஒரு வரி போதும். 'வந்தது தம்பி. நான்தான் அழுத்தவில்லை.' அதைத் தட்டச்சு செய்தேன்.  பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

"வரலை தம்பி" என்று அனுப்பினேன்.

"சரிக்கா. அப்ப என் தப்புதான்" என்று பதில் வந்தது.

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி அதிர்ந்தது. மேருவுக்குப் போக வேண்டியது கடைசிப் படியில் காத்திருந்தது. நான் உடனே அழுத்தினேன். இப்போதெல்லாம் ஒரு நொடிகூடக் காக்க வைப்பதில்லை.