எஸ்தர் அக்கா கொடுத்த நண்டு

இங்கே நண்டு கிடைத்ததும் மிளகு இடிக்க உட்கார்ந்துவிட முடியாது. முதலில் அதன் முதுகோட்டின் அகலத்தை அளக்க வேண்டும். அதற்கென்றே பிளாஸ்டிக்கில் ஓர் அளவுகோல் விற்கிறார்கள். அதற்குள் அடங்கிவிடுகிற நண்டு சின்ன நண்டு. மரியாதையாகக் கடலிலேயே திருப்பி விட்டுவிட வேண்டும். கலிபோர்னியாவுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். நண்டுக்கு வயசு சர்டிபிகேட் கேட்கிற ஊர் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். ஆனால் கடலுக்குள் நீளும் அந்த மரப்பாலத்தின் வாசலில், பியர் என்கிறார்கள் அதை, ஒரு பலகை இருக்கிறது. இந்தத் தண்ணீரில் பிடிப்பதில் எதை எவ்வளவு சாப்பிடலாம், நண்டின் ஓட்டுக்குள் நஞ்சு சேருகிற அந்த மஞ்சள் கூழை ஏன் சாப்பிடக் கூடாது என்று ஐந்தாறு மொழிகளில், படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை காலைகளில் நானும் என் கணவரும் அங்கே போகிறோம். இரண்டு வளையங்களுக்கு நடுவே வலை, அடியில் ஒரு கோழிக்கால் கட்டி, கயிற்றில் இறக்கிவிடுவோம். கடலடித் தரையில் வலை தட்டையாக விரிந்து கிடக்கும். கால் மணி நேரம் கழித்து நிறுத்தாமல் சரசரவென்று இழுத்தால் வளையம் மேலே வந்து கூடையாகிவிடும். நடுவில் இழுப்பதை நிறுத்தினால் நண்டு விளிம்பேறி ஓடிவிடும். இதை எனக்கு யாரும் இங்கே சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எளாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அடுத்த தெருவில் இருந்த எஸ்தர் அக்கா, ஒரே ஓர் இரும்பு வளையமும் கோழிக் குடலும் வைத்துக்கொண்டு, உப்பங்கழியின் சின்னப் பாலத்தின் மேலிருந்து இதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

அவளுடைய அப்பா எங்கள் சொந்தக்காரர்களின் நெல் வயலில் கூலி வேலை பார்த்தவர். அவளுடைய கணவர் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. நான் அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியின் லேபில் வேலை பார்த்தேன். பேர் வேண்டாம். அவளும் நானும் நெருங்கியது ஷேர் ஆட்டோவில்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதற்கு முன் தூக்குவாளியோடு வந்து நிற்பாள்.

"இந்தா கலா, பெருசா பாத்து உனுக்குனு எட்த்துகினு வந்தேன். காரமா வெச்சித் துன்னு."

வாங்கிக்கொள்வேன். அவள் தலை மறைந்ததும் வீட்டுக்குப் பின்னால் குப்பை மேட்டில் கொட்டிவிடுவேன். மறுநாள் ஆட்டோவில், "சூப்பர்க்கா, நாக்குலயே நிக்குது" என்பேன். கூசாமல் சொல்வேன்.

ஏனென்றால் கம்பெனியிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் சோதித்தவள் நான். ஈயம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதை மறைத்து, மேலதிகாரி சொன்ன குறைந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். மழை பெய்தால் அந்தத் தண்ணீர் எந்த ஓடை வழியாக உப்பங்கழிக்குப் போய்ச் சேரும் என்பதும் தெரியும். வேலை போய்விடுமே என்ற பயம். வீட்டில் மட்டும் கழி நண்டு கூடாதென்று சட்டம் போட்டேன். என் வீட்டைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு, தூக்குவாளியைத் திரும்ப வாங்க அவள் கொல்லைப்பக்கமாக வந்துவிட்டாள். குப்பை மேட்டில் நண்டுகள் முழுசாகக் கிடந்தன. ஒன்று இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்க கையால வாங்கித் துன்னமாட்டீங்கனு மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்லிங்களா? நானும் எட்த்துகினு வந்திருக்கமாட்டேன்."

அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னே எப்படி என்று கேட்டால் தண்ணீரைச் சொல்ல வேண்டும். தண்ணீரைச் சொன்னால் பதிவேட்டைச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். சாதி பார்க்கிறவள் என்ற பெயரோடு இருந்துவிடுவது எனக்கு அன்றைக்குச் சுலபமாக இருந்தது. வெட்கக்கேடு. அதற்குப் பிறகு ஆட்டோவில் அவள் என்னை மேடம் என்றாள், நகர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்தில் நான் விமானம் ஏறிவிட்டேன்.

போன சனிக்கிழமை, பாலத்தில் எங்களுக்குப் பக்கத்தில் வலை போடும் லாம் என்கிற வியட்நாம்காரப் பெரியவர், வீட்டிலிருந்து அவித்த நண்டு கொண்டுவந்திருந்தார். ஓட்டிலிருந்து அந்த மஞ்சளை அள்ளி, சோற்றின் மேல் வைத்து, என்னிடம் டப்பாவை நீட்டினார். நான் பதறி, "நோ, நோ! பேட்!" என்று கையை ஆட்டிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. "ஓகே. யூ டோன்ட் லைக் அவர் ஃபுட்" என்று டப்பாவை மூடினார். கயிற்றைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, பெரியவரைக் கையைப் பிடிக்காத குறையாகப் பலகைக்கு அழைத்துப்போய் அவருடைய மொழியில் இருந்த வரியைக் காட்டினேன். படித்தார். "ஆ, திஸ்! ஐ நோ. ஐ ஆம் ஓல்ட்" என்று சிரித்து, வலை போட்ட இடத்துக்குத் திரும்பியதும் மஞ்சளை ஒதுக்கிவிட்டுக் காலை மட்டும் உடைத்துக் கொடுத்தார்.

பேர் மட்டுமே தெரிந்த ஒருவருக்குச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆனது. அங்கேயே நின்று அம்மாவிடம் நம்பர் வாங்கி எஸ்தர் அக்காவைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம்.

"சொல்லுங்க மேடம். நல்லா கீறீங்களா?"

சொன்னேன். தண்ணீர், ஈயம், பதிவேடு, கையெழுத்து, குப்பை மேடு, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அப்ப சாதிக்காக இல்லியா?" என்றாள்.

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"அடிப்பாவி. இத்தினி வருசமா நெஞ்சுல வெச்சிக்கினு இருந்தேன்டி." சிரித்தாள். அழுதது போலவும் இருந்தது. ஒரு நொடி, மன்னிப்பே கிடைத்துவிட்டதாக நினைத்தேன். அப்புறம் சிரிப்பு நின்றது.

"நீ வேணாம்னதுக்கு அப்புறம், உனுக்குனு எட்த்து வெக்கிற பெருசெல்லாம் பசங்களுக்குத்தான் போட்டேன் கலா."

நான் வாயை மூடிக்கொண்ட அந்த ஒரு நிமிஷம், என் பங்கையும் அவள் பிள்ளைகளின் தட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

"சின்னவனுக்குப் படிப்பே ஏற மாட்டேங்குதுனு டீச்சர் சொல்றாங்க. அதுவும் இதாலயா?"

"தெரியலக்கா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரத்தத்துல ஈயம் பாக்கணும். ரெண்டு பேருக்குமே."

"நான் போயி சொன்னா ஆஸ்பத்திரில யாரு கேப்பாங்க? நீ எழுதிக் குடு. இன்னா தண்ணி, எந்தக் கம்பெனி, எல்லாத்தியும் எழுது. பேரு ஊரு போட்டுக் கையெழுத்துப் போடு. பொய்க்குப் போட்டியே, அதே கையெழுத்து."

போனை வைத்துவிட்டாள். கணவரின் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பாலத்தின் கைப்பிடிக் கட்டையில் வைத்து எழுதினேன். காற்றில் தாள் படபடத்தது. ஊரில் இருக்கும் என் தம்பியைக் கம்பெனிக்காரர்கள் ஏதும் செய்துவிடுவார்களோ என்று கணவர் தயங்கினார். இதே தயக்கத்தால்தான் இவ்வளவும் ஆனது என்றேன். கம்பெனியின் பெயரை எழுதினேன். என் பெயரை எழுதினேன்.

ஊர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. இங்குள்ள முகவரியைப் போட்டால் தப்பித்து ஓடியவள் எழுதியதாக இருக்கும். அந்த ஊரைப் போடலாம் என்றால், அங்கே விளைந்ததைக் குப்பையில் கொட்டியவளுக்கு அது எந்த முறையில் சொந்த ஊர்? எட்டிப் பார்த்த லாம் பெரியவர் ஏதோ கேட்டார், எனக்கு விளங்கவில்லை. போனில் செய்தி வந்தது: "எழுதிட்டியா கலா? திங்கக்கெழம மொத பஸ்ஸுக்கே பசங்கள இட்டுகினு போறேன்."

எங்கள் ஊரின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படம் பிடித்து அனுப்பினேன். அது ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் மட்டும் கடலுக்கு இந்தப் பக்கம், பாலத்தின் நுனியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.