ஸ்கேன் மெஷினுக்குள் போன ஊக்கு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று மூன்று வருடம் இழுத்தடித்துவிட்டேன். வெட்கம்தான், வேறென்ன? முருகன்மேல் பாரத்தைப் போட்டு இன்று எழுதுகிறேன்.

வங்காளிகள் நடுவே, லேக் கார்டன்ஸில் எங்கள் வீடு. ஒரு வெள்ளிக்கிழமை பூஜை அலமாரியில் இடப்பக்கப் படங்களுக்கு மட்டும் பூ. வலப்பக்கம் வெறுமை!

"ஏம்மா, பாதி சாமி என்ன பாவம் பண்ணிச்சு?" என்று மனைவி மீனாட்சியிடம் எகிறினேன்.

"எல்லாருக்கும் வெச்சாச்சுங்க. உங்க கண்ணுல என்ன கோளாறு?"

வலப்பக்கம் இருப்பது எதுவுமே அவளுக்குத் தெரியவில்லை. அது புரியாமல், பக்தி குறைந்துவிட்டதென்று ஒரு வாரம் உபதேசம் செய்தேன்...

கடைசியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பின்மண்டையில் ஏதோ இருக்கிறது என்றார். கட்டியா, நரம்பின் மேலுறை உரிகிற அபூர்வ வியாதியா? எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியுமாம். கட்டியென்றால் மண்டையைத் திறக்க வேண்டும்.

ஸ்கேன் அறை வாசலில் தாலி முதல் ஹேர்பின் வரை நர்ஸ் கழற்றச் சொல்லிவிட்டார். எனக்குப் பகீரென்றது. தாலிகூட இல்லாமல் உள்ளே போகிறாளே! நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் பழனி விபூதிப் பொட்டலத்தை அவள் கொண்டையில் ஊக்கால் குத்தினேன். வியாதி எங்கேயோ, விபூதியும் அங்கேதானே இருக்க வேண்டும்?

சற்று நேரத்தில் டெக்னீஷியன் பெண்மணி ஊக்கும் கையுமாக வெளியே வந்தார். "தாதா, மாத்தாய் கீ ரேகேச்சென்?" அண்ணா, தலையில் என்ன வைத்தீர்கள் என்று கேட்கிறார்! படத்தில், நோய் தெரிய வேண்டிய இடத்தில் ஒரே கறுப்பு. உள்ளே இருப்பது காந்தம், ஊக்கு பிய்த்துக்கொண்டு பறந்து அவள் கண்ணில் பாய்ந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று வங்காளியில் பொரிந்து தள்ளினார்.

பின்னாலேயே மீனாட்சி. "அடுத்து நீங்க உள்ள போங்க. உங்க மண்டைக்குள்ள ஏதாவது இருக்கான்னு பாத்துரலாம்."

அவளுக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கியதுபோல வளையம் வளையமாகத் தெரிந்தது. கட்டியில்லை, அந்த அபூர்வ வியாதிதான் என்றார் டாக்டர். கத்தி வேண்டாம் — ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப். மூன்றாம் மாத ஸ்கேனில் வளையங்கள் சுருங்கியிருந்தன. வலது ஓரம் மட்டும் அவளுக்கு இன்னும் கொஞ்சம் மங்கல்.

இதற்குள் சொந்தக்காரர்கள் வாயில், "விபூதி பட்டதும் கட்டி கரைஞ்சுதாமே!" என்று கதை மதுரை வரை போய்விட்டது. முருகன் காப்பாற்றினான், சத்தியம். ஆனால் டாக்டர் வழியாக, மருந்து வழியாக. என் ஊக்கு வழியாக அல்ல.

ஆகவே நாலு பேருக்குச் சொல்லுங்கள் — ஒரு வார்த்தை மாற்றாமல். முக்கியமாக, நான் அசடு வழிந்த இடத்தை விட்டுவிடாமல்!