சட்டையோடு வந்த ஈயம்

வாசலில் சைக்கிள் மணி கேட்டால் போதும், கலைப்பிரியா ஓடி வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொள்வாள். சகாயராஜுக்குக் கூட்டேரிப்பட்டில் பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகையில் வேலை. உடம்பெல்லாம் சாம்பல் நிறத் தூள் படிந்திருக்கும். அதோடுதான் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வான். கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டுவான். அதன் கீழே பாயில் உட்கார்ந்து, விரலைச் சப்பியபடி அவள் விளையாடுவாள்.

மூன்று வயது நெருங்கியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. அடிக்கடி வயிற்று வலி. முகம் வேறு வெளுத்துக்கொண்டே வந்தது. புதுச்சேரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்று அவனைக் கேட்டார்.

"பேட்டரி உடைக்கிற வேலைங்க."

"பிள்ளை ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு. உங்க துணியில ஒட்டிக்கிட்டு வர்ற தூள் வீடு பூரா படிஞ்சிருக்கும். அதுல விளையாடுற கைதான் வாய்க்குப் போகுது. முதல்ல பிள்ளைய வேற வீட்டுக்கு மாத்துங்க."

சகாயராஜ் மடியிலிருந்த மகளை மெல்ல மனைவி ஆரோக்கியசெல்வியிடம் கொடுத்தான்.

தாயும் பிள்ளையும் கடலோரம் பொம்மையார்பாளையத்தில் இருந்த செல்வியின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். ஒற்றை அறை வீடு; அவனுக்கு அங்கே இடமில்லை. பெருக்கினால் தூள் பறக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், தன் வீட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். சுவரில் ஓரிடத்தில் மகளின் சின்னக் கை பதிந்திருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் துடைத்தான். பிறகு அதையும் துடைத்தான்.

வேலை முடிந்து குளித்துவிட்டுப் போக ஒரு குழாய் போட்டுத் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்டான்.

"நாங்கல்லாம் நல்லாத்தானே கீறோம்? நீ ஏன்டா பேஜாரு பண்ணிக்கினு கீற?" என்றார் அவர்.

அந்த வாரத்தோடு நின்றுவிட்டு, வானூர் பக்கம் கட்டட வேலைக்குப் போனான். தங்கல் அங்கேயே.

ஒருநாள் செங்கல் சுமந்துகொண்டிருந்தபோது செல்வி போன் செய்தாள். "உங்க பொண்ணு பேசுறா, கேளுங்க."

"தண்ணி... பெருசு" என்றது பிள்ளை.

இரண்டு வார்த்தையைச் சேர்த்து அவள் சொல்லி அவன் கேட்டதே இல்லை. "இன்னொரு தபா சொல்லும்மா."

"ஓடிட்டா. மணல்ல ஆடிக்கினு கீறா," என்றாள் செல்வி.

அடுத்த பரிசோதனையில் ஈயம் குறைந்திருந்தது. "ஆனா கெட்டுப்போனது எல்லாம் சரியாயிடும்னு சொல்ல முடியாது. நிறைய பேச்சு கொடுங்க," என்றார் டாக்டரம்மா. வானூரிலேயே வாடகைக்கு வீடு தேட ஆரம்பித்தான் சகாயராஜ். கிடைக்கும்வரை ஞாயிற்றுக்கிழமைதான் மகள்.

அந்த ஞாயிறு குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பொம்மையார்பாளையம் போனான். கையை நீட்டினான். கலைப்பிரியா அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"அப்பாகிட்ட போறியா?" என்றாள் செல்வி.

பிள்ளை யோசித்துவிட்டு, "நாளைக்கு," என்றது.

சகாயராஜுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வார்த்தையும் அவன் இல்லாதபோது வந்ததுதான். பஸ் வரும்வரை அவளுக்கு எதிரே மணலில் உட்கார்ந்து, படகையும் நண்டையும் காட்டி ஏதேதோ பேசிக்கொண்டிருந்தான்.