நான்கு ஊருக்கும் ஒரே விதை

எனக்குக் கோபம் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், அந்த நேரத்தில் யாரும் கிட்டே வரமாட்டார்கள். அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், அந்தக் குணத்தின் பலனை என் அண்ணன் அனுபவித்தான்.

அப்போது நான் சென்னையில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்கு மட்டும் இன்னும் பாப்பாதான். நைனாவுக்குச் செஞ்சிக் கடைத்தெருவில் வேர்க்கடலை மண்டி. வல்லத்தில் இருந்த எங்கள் மானாவாரி நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டான். எந்த விதை போடுவது என்று ஆடி பிறந்தால் இருவருக்கும் சண்டை. படிப்பில் செய்ய வேண்டிய ஆய்வுக்கு நான் அதையே எடுத்துக்கொண்டேன். செஞ்சி, வல்லம், மேல்மலையனூர், பனமலை என்று நான்கு ஊர்களிலும் மூன்று ரக விதை என்ன விளைந்தது என்று அண்ணன்தான் அலைந்து விசாரித்துக் கொடுத்தான். எந்த ஊர் மண்ணுக்கு எந்த விதை தோது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். அது சொன்ன பிறகுதான் விதைப்பு என்று அவன் காத்திருந்தான்.

அந்தக் கம்ப்யூட்டரில் எங்கள் வகுப்புக்கு வாரத்தில் ஒரு நாள்தான் முறை. கணக்கை அட்டைகளில் ஓட்டைகளாகப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தால், விடை காகிதத்தில் அச்சாகி வரும்.

ஊருக்கு ஊர் அதே கணக்கை எழுதச் சோம்பல்பட்டு, ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும் ஒரு சுழற்சிக்குள் எல்லாவற்றையும் வைத்தேன். அதில் I என்ற எழுத்தின் மதிப்பு ஊருக்கு ஊர் ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு ஊரின் விடையும் N1, N2 என்று தனிப் பெயரில் நிற்கட்டும் என்று NI என எழுதினேன். எங்கள் மண்டியில் வல்லத்து மூட்டை என்றால் மையில் 'வ' போட்டு, ஒட்டினாற்போல் பக்கத்தில் மூட்டையின் எண்ணும் போடுவார்கள். வ1, வ2 என்று மூட்டைக்கு ஒரு பெயர் ஆகிவிடும். அதைப் பார்த்து வளர்ந்த எனக்குச் சந்தேகமே வரவில்லை. கம்ப்யூட்டருக்கோ NI என்பது ஒரே பெயர், ஒரே இடம். புது ஊரின் விடை வர வர, பழைய ஊரின் விடை அழிந்துகொண்டே போனது. கடைசியில் இருந்த பனமலையின் விடைதான் மிஞ்சியது. நான்கு ஊருக்கும் மூன்றாம் விதை என்று அச்சாகியிருந்தது.

ஊருக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் பிரித்துப் பார்த்தேன். நான்கு ஊருக்கும் ஒரே விடை வராது, கணக்கில் எங்கோ தப்பு என்று தெரிந்ததும் ஆத்திரமாக வந்தது. மண்டியில் பழைய காகிதக் கட்டின் மேல் அதை வீசிவிட்டு, யாரிடமும் பேசாமல் மறுநாள் காலை பஸ்ஸுக்குச் சென்னை திரும்பிவிட்டேன்.

தவறு பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. நான்கு இடம் வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, I-ஐ அடைப்புக்குறிக்குள் போட்டு N(I) என்று எழுதினால் போதும். ஆனால் மெஷின் பழுதாகி ஒரு வாரம் வீணானது. அதற்குள் ஊரில் மழை பெய்துவிட்டது.

சரியான காகிதம் கைக்கு வந்ததும் புறப்பட்டு, வழியில் வல்லத்திலேயே இறங்கினேன். நிலம் முழுக்கக் கடலை முளைத்திருந்தது. அண்ணன் வரப்பில் நின்றிருந்தான்.

"இன்னா விதைண்ணா போட்ட?"

"மூணாம் நம்பர்தான். எல்லா ஊருக்கும் அதானே வந்திருக்குது." மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். நான் மண்டியில் வீசிவிட்டுப் போனது.

"அது தப்புண்ணா. அது பனமலைக்கு மட்டும்தான், அங்க ஏரித் தண்ணி இருக்குது. நமக்கு ஒண்ணாம் நம்பர்."

அவன் வரப்பில் உட்கார்ந்தான்.

"நைனாவும் ஒண்ணாம் நம்பர்தான் போடச் சொன்னாரு. பாப்பா கணக்கு போட்ட பேப்பர் இருக்குது, நீ சும்மா இரு நைனான்னு நான்தான் சண்ட போட்டுட்டு வந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் அந்தப் பழைய காகிதத்தை மறுபடியும் மடித்து மடியிலேயே செருகிக்கொண்டான்.