ஒரே வண்டியில் இருபத்தாறு பேர்

பேருந்து முன்பதிவு அலுவலகத்தில் இருபது வருடமாக, முன்பின் தெரியாதவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பதே அவள் வேலை. வீட்டில் அவளுக்கு 'டிக்கெட்' என்றே பெயர். படுத்த படுக்கையாவதற்குள் பிள்ளைகள் எல்லாரோடும் ஒரே வண்டியில் கடல் பார்க்கப் போய்வர வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டபோது, பொறுப்பு அவள் தலையில்தான் விழுந்தது.

பேரன் பேத்திகளோடு இருபத்தாறு பேர். அண்ணனுக்கும் தம்பிக்கும் எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"அவன் மூஞ்சில முழிக்கணும்னா நான் வரல," என்றார் அண்ணன் போனில்.

"பஸ்ஸுக்கு ரெண்டு கதவு இருக்குண்ணா. நீங்க முன்னால ஏறுங்க, அவன் பின்னால ஏறட்டும்."

விடுதியிலும் ஒருவருக்கு முதல் மாடி, மற்றவருக்கு மூன்றாவது. சாப்பிடும் நேரம்கூட வேறு வேறு. யாரும் யாரையும் பார்க்காதபடி எல்லாவற்றையும் ஒரு தாளில் போட்டு முடித்தபோது, தன் கெட்டிக்காரத்தனம் அவளுக்கே பிடித்திருந்தது. தாளை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரல் வைத்துத் தேடினாள்.

"இப்ப அவங்கவங்க வீட்டுல இருக்கிற மாதிரியேதானேடி இருக்கு? இதைப் பாக்க நான் எதுக்கு அவ்வளவு தூரம் வரணும்?"

அவள் தாளை வாங்கி மடித்துக்கொண்டாள். மறுநாள் அலுவலகம் போனதும் முதல் வேலையாக வண்டியை ரத்து செய்துவிட்டு, அண்ணனையும் தம்பியையும் போனில் அழைத்து, பயணம் இல்லை என்று சொன்னாள்.

இரண்டு பேருமே ஏன் என்று கேட்கவில்லை.