ஒரு சந்தேகமும் மூன்று பொய்களும்

மனநோயிலிருந்து தேறி வரும் இளம் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்க ஆள் வேண்டும், வருகிறாயா என்று மருத்துவர் கேட்டபோது, அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "என்னை எதுக்கு?" என்பதுதான்.

"படிச்சவங்க எங்ககிட்ட நிறைய பேர் இருக்காங்க. பட்டவங்கதான் இல்லை" என்றார் மருத்துவர். நறுக்கென்று பேசுகிற பெண்மணி.

வீட்டில் அவள் அக்கா, மூத்தவள், நம்பவேயில்லை. "புத்தி பேதலிச்சுக் கிடந்ததுக்கு உத்தியோகமா? புது மருந்து எதையோ உன்மேல போட்டுப் பாக்கப் போறாங்க. கையெழுத்து கேட்டா போட்டுடாதே."

"போட்டுப் பாக்கிறவங்க பஸ் பாஸும் தர்றாங்களாமே" என்றார் அத்தான், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

அவளும் ஒரு வாரம் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தாள். மையம் இருந்தது டயர் கடைக்கு மேலே முதல் மாடியில். இரண்டு அறை, ஒரு நீள மேசை, பதினோரு பிளாஸ்டிக் நாற்காலி, பிள்ளைகள் பை வைக்கப் பூட்டுடன் கூடிய இரும்புப் பெட்டிகள். ஜன்னலைத் திறந்தால் பேருந்துப் பணிமனை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளைகள் பகல் நேரத்தில் இங்கே வருவார்கள். அவர்களோடு உட்கார வேண்டும், கல்லூரிக்குத் திரும்பப் போகிறவர்களோடு முதல் நாள் பேருந்தில் போக வேண்டும், கேட்டால் தன் கதையைச் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்தான விஷயம் தவிர வேறு எதையும் வீட்டாரிடம் சொல்லக்கூடாது. மருத்துவருக்கு மட்டும் கோப்பில் இரண்டு வரிக் குறிப்பு. வேலை அவ்வளவுதான். கேட்பதற்குச் சுலபம்.

அவள் கதை இது. இருபத்தோரு வயதில் நகல் எடுக்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தாள். ஒரு மழைக்காலத்தில், அந்த மெஷின் தன் வழியாகப் போகும் ஒவ்வொரு காகிதத்தையும் ரகசியமாக யாருக்கோ அனுப்புகிறது என்று அவளுக்குப் பட்டது. பிறகு உறுதியானது. பரீட்சை விண்ணப்பத்தோடு பதினைந்து பேர் வரிசையில் நிற்கும்போது மெஷினின் ஒயரைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். நல்லவேளை, மின்சாரம் அப்போது இல்லை. நாற்பது நாள் ஆஸ்பத்திரி. அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மீண்டு வர ஏழு வருஷம். இந்தக் கதையை மையத்தில் முதல் தடவை சொன்ன அன்றே ஒரு பையன் அவளுக்கு 'ஜெராக்ஸ் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டான். அது நிலைத்துவிட்டது. மருத்துவர்கூட ஒருநாள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் தொப்பி வந்தாள். பத்தொன்பது வயது, பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவள். புருவம்வரை இழுத்துவிட்ட நீலத் தொப்பியை வெயிலோ நிழலோ கழற்ற மாட்டாள். வகுப்புப் பிள்ளைகள் தன்னை ரகசியமாகப் படம் பிடிக்கிறார்கள் என்பது அவளுக்கு வந்த நோயின் தொடக்கம். முடிவில் ஒருநாள் மொட்டை மாடிச் சுவர்மேல் நின்றிருந்தவளை அவள் அப்பாதான் இறக்கிக் கொண்டுவந்தார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். தினமும் காலையில் மகளைக் கூட்டி வருவார். மாடிப்படியின் கைப்பிடியை ஒருதரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறவிடுவார். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை கீழேயே நிற்பார்.

தொப்பி சுவரில் முதுகு ஒட்டும்படி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "நீங்க யாரோட ஆளு?"

"எங்க அக்காவோட ஆளு. ஆறு மணிக்குள்ள வீட்டுக்குப் போகலைன்னா போன் மேல போன் வரும்."

தொப்பி சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் நாற்காலியைச் சுவரிலிருந்து ஒரு ஜாண் முன்னால் போட்டுக்கொண்டாள். மூன்று வாரம் கழித்துப் பேச ஆரம்பித்தாள். வீட்டுக்குப் பக்கத்தில் இல்லாத கல்லூரியில், விடுதியில் தங்கிப் படிக்க ஆசை என்றாள். தன்னிடம் கடைசிவரை முகம் கொடுத்துப் பேசிய ஒரே வகுப்புத் தோழன் ஒருவனை மறுபடி பார்க்க வேண்டும் என்றாள்.

ஒரு திங்கட்கிழமை வந்து, உட்காராமலே கேட்டாள்: "ஏன் அக்கா சொன்னீங்க?"

"எதை?"

"ஹாஸ்டல் விஷயம். அம்மா நேத்து சாப்பாட்டைப் போட்டுட்டு ஒரே அழுகை. 'ஹாஸ்டல்ல உன்னை யாரு பாத்துக்குவா'ன்னு. நான் உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்."

"நான் உங்க அம்மாகிட்ட பேசினதே இல்லையே."

"அப்போ இந்த ரூம் பேசுதா?"

அந்த வாரக் கடைசியில், அவள் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த அந்தத் தோழன் பதில் அனுப்புவதை நிறுத்திவிட்டான். அவன் வீட்டுக்குத் தொப்பியின் வீட்டிலிருந்து யாரோ போன் செய்து, "என் பொண்ணைத் தொந்தரவு பண்ணாதே" என்று சொல்லியிருந்தார்களாம். தொப்பி நாற்காலியை மறுபடி சுவருக்கே தள்ளிக்கொண்டாள்.

ஜெராக்ஸ் அக்கா கோப்பில் எழுதினாள்: 'சந்தேகம் கூடியிருக்கிறது. நான் சொல்லிக் கொடுத்துவிட்டதாக நினைக்கிறாள். அறை கேட்கிறது என்கிறாள்.' வழக்கமான குறிப்புதான். மருத்துவர் அதைப் படித்து மருந்தைக் கூட்டினார். நான்காம் நாள் தொப்பி பத்து மணிக்கே மேசையில் கவிழ்ந்து தூங்கினாள். கன்னத்தில் எச்சில் வழிந்தது. ஜெராக்ஸ் அக்கா அதைத் துடைத்துவிட்டாள்.

தான் சொல்லவில்லை. பிறகு யார் சொன்னது?

அந்தக் கேள்வி ஒருமுறை உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டதெல்லாம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. மையத்தின் பொறுப்பாளர் அவளைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்தார். கோப்பு அலமாரியின் சாவி இரண்டு நாளாக வேறு ஆணியில் தொங்கியது. மாடிப்படியடியில் லிஃப்ட் மெக்கானிக்கும் பொறுப்பாளரும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். அவள் இறங்கி வந்ததும் பேச்சு நின்றது. எல்லாம் ஒன்றோடு ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது.

அதுதான் அவளை நடுங்க வைத்தது. இப்படிப் பொருந்துவது அவளுக்குப் பழக்கமான விஷயம். அந்த மழைக்காலத்திலும் எல்லாம் இப்படித்தான் பொருந்தியது.

வீட்டில் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தாள். "மாத்திரை போட்டியா?" என்றாள் மூத்தவள். கோபப்பட்டால், சிரித்தால், சும்மா இருந்தால், எதற்கும் இந்த வீட்டில் இந்தக் கேள்விதான். போட்டேன் என்று சொன்னபிறகும் மூத்தவள் உள்ளே போய், மாத்திரை அட்டையில் காலியான குழிகளை எண்ணுகிற சின்னச் சத்தம் கேட்டது. பத்து வருஷமாகக் கேட்கிற சத்தம். அன்றைக்கு அது காதில் முள்ளாகக் குத்தியது.

மறுநாள் மதியம் ஆளில்லாத நேரத்தில் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டாள். இடது பக்கம் 'பார்த்தது'. வலது பக்கம் 'நினைத்தது'. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட வழி. பொறுப்பாளர், சாவி, போன் எல்லாம் வலது பக்கத்துக்குப் போய், கீழ்வரை நிரம்பிவிட்டது. இடது பக்கம் இரண்டே வரி: விடுதி விஷயம் வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. தோழன் விஷயமும் தெரிந்திருக்கிறது. எத்தனை முறை அழித்துப் பார்த்தாலும் அந்த இரண்டு வரியும் அசையவில்லை.

பொறுப்பாளரிடமே நேராகப் போய்க் கேட்டுவிட்டாள். மனிதர் எழுந்து கதவைச் சாத்தினார். "சத்தமா பேசாதீங்க. வேற இடத்துல வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். அந்த போன்தான் அது. டாக்டருக்குத் தெரிஞ்சா தொலைச்சுடுவாங்க." மாடிப்படிப் பேச்சு? "அவரா? கைப்பிடியில ஒரு போல்ட் லூஸா இருக்கு, மாத்துங்கன்னு உயிரை வாங்குறாரு." சாவி ஆணி? துப்புரவுக்காரம்மாவின் கைவேலை.

வலது பக்கத்தில் பாதி அடிபட்டுப் போனது. இடது பக்கம் அப்படியே இருந்தது.

தொப்பியை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: 'மூணு பொய் சொல்லிப் பாக்கலாமா?'

தொப்பி நெடுநேரம் அதையே பார்த்தாள். பேனாவை வாங்கி எழுதினாள்: 'என்னை நம்புறீங்களா?'

'தெரியல. அதனாலதான்.'

அந்தப் பதில் தொப்பிக்குப் பிடித்திருந்தது. நம்புகிறேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

முதல் பொய்யை எப்போதும்போல் அறையில் உட்கார்ந்து, பையும் போனும் பக்கத்தில் இருக்க, வாய்விட்டுச் சொன்னாள்: "எனக்கு நீச்சல் கத்துக்கணும் அக்கா." இரண்டாவதை, பையையும் போனையும் இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டுப் பணிமனைச் சுவரோரம் நடக்கும்போது சொன்னாள்: பூனை வளர்க்கப் போகிறாளாம். மூன்றாவதை யாரும் பேசவில்லை. தையல் படிக்க விரும்புகிறாள் என்று ஜெராக்ஸ் அக்கா கோப்பில் மட்டும் எழுதி, பக்கத்திலேயே 'இது ஒரு சோதனைக்காக' என்று பென்சிலில் குறித்து வைத்தாள். அறையிலிருந்தோ போனிலிருந்தோ போகிறதா, ஜெராக்ஸ் அக்கா வாயிலிருந்தா, கோப்பிலிருந்தா? எதுவென்று தெரிந்துவிடும்.

மறுநாள் மாடிப்படியில் தடதடவென்று காலடி. தொப்பி மூச்சிரைக்க வாசலில் நின்றாள். அவள் பல்லை அன்றைக்குத்தான் எல்லோரும் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

"அக்கா! நீச்சல்!"

முந்தின நாள் சாயங்காலம் அப்பா, யாரும் கேட்காமலே, "ஆறு குளம் பக்கமெல்லாம் போயிடாதேம்மா. நீச்சல்னு யாராவது கூப்பிட்டாலும் போகாதே" என்றாராம். பூனையைப் பற்றிப் பேச்சே இல்லை. தையலைப் பற்றியும் இல்லை.

ஜெராக்ஸ் அக்கா உதட்டில் விரல் வைத்தாள். தொப்பி பையிலிருந்து போனை எடுத்து, செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள்.

மருத்துவர் அறையில் நால்வர் உட்கார்ந்தார்கள். மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "பொண்ணு போன்ல ஏதாவது போட்டு வெச்சிருக்கீங்களா?"

லிஃப்ட் மெக்கானிக் தன் நகக்கண்ணில் படிந்த கிரீஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன் கடைக்காரன் போட்டுக் குடுத்தான். எங்க இருக்கா, என்ன பேசுறான்னு என் போன்ல கேக்கலாம்னான்."

"எப்போலேருந்து?"

"ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்த அன்னைக்கே."

"அப்போ நான் சொன்னது நிஜம்" என்றாள் தொப்பி. யாரிடமும் இல்லை, மேசையிடம். "நிஜம். நான் சொன்னது நிஜம்."

"உன்னை அந்தச் சுவர்மேல பாத்தவன்மா நான்" என்றார் அப்பா. "லிஃப்ட்னா மாசம் ஒருதரம் திறந்து பாத்துடுவேன். எங்க தேய்ஞ்சிருக்கு, எங்க கழண்டிருக்குன்னு தெரிஞ்சிடும். உன்னை நான் எப்படித் திறந்து பாக்கிறது?"

"கேட்டிருக்கலாம்."

"கேட்டா ஒண்ணுமில்லைன்னுதானே சொல்லுவே."

தொப்பி தன் நீலத் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஜெராக்ஸ் அக்கா பேசாமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு அவள்தான் கெட்டிக்காரி. ஆனாலும் சொன்னாள்: "உனக்குச் சந்தேகம் கூடிப்போச்சுன்னு கோப்புல எழுதினது நான். அதை வெச்சுத்தான் மருந்து கூடிச்சு. விசாரிக்காம எழுதிட்டேன்."

"நானும் விசாரிக்காமத்தான் கூட்டினேன்" என்றார் மருத்துவர்.

தொப்பி மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தாள். எழுந்து போய்விட்டாள். அன்றே துணிமணியோடு சித்தி வீட்டுக்குப் போனாள். பன்னிரண்டு நாள் மையத்தின் பக்கம் தலைகாட்டவில்லை. படியில் காலடி கேட்கும்போதெல்லாம் ஜெராக்ஸ் அக்கா தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

பதின்மூன்றாம் நாள் வந்தாள். "இன்னும் கோபம்தான். மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. ஆனா அந்தத் தாள்ல கோடு போடுறது எப்படின்னு சொல்லுங்க."

கஷ்டமான வேலை அதன்பிறகுதான் தொடங்கியது. ஒரு சந்தேகம் நிஜமாகிவிட்டதால், மற்றதெல்லாமும் நிஜம் என்று தொப்பி தீர்மானித்திருந்தாள். அப்பாவே ஒட்டுக்கேட்டார் என்றால், வகுப்புப் பிள்ளைகள் படம் பிடித்திருக்க மாட்டார்களா? "உங்க மெஷினும் அனுப்பியிருக்கும் அக்கா, நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றாள் ஒருநாள். ஜெராக்ஸ் அக்கா ஒரு நொடி யோசித்தும் பார்த்துவிட்டாள். பிறகுதான் உடம்பு சிலிர்த்து, "அம்மா தாயே, என்னை விட்டுடு" என்றாள். அன்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மருந்து மெல்ல மெல்லக் குறைந்தது. தாள்கள் நிறைய வீணாயின. நான்காம் மாதம், பழைய வகுப்புத் தோழிகள் இரண்டு பேரை ஒரு பூங்காவில் சந்திக்கப் போனார்கள். இவர்கள் கேட்பதற்கு முன்பே தோழிகள் போனை நீட்டினார்கள். படங்கள் ஆயிரக்கணக்கில். எல்லாம் அவர்கள் மூஞ்சிகளேதான். தொப்பி இருந்தது ஒரே படத்தில், ஓரத்தில், பாதித் தோளாக. திரும்பி வரும்போது, "என்னை ஒரு படம்கூட ஒழுங்கா எடுக்கலை, பாருங்க" என்றாள் எரிச்சலோடு.

அடுத்த வருஷம் கல்லூரிக்குத் திரும்பினாள். வேறு துறை. விடுதி இல்லை, சித்தி வீட்டிலிருந்துதான். வாரம் ஒருநாள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். பிறகு இரண்டு நாள்.

லிஃப்ட் மெக்கானிக் சனிக்கிழமைகளில் தனியாக மையத்துக்கு வர ஆரம்பித்தார். "எப்படி இருக்கா?" என்பார்.

"அவகிட்டயே கேளுங்க."

"சொல்ல மாட்டேங்கிறாளே."

"சொல்ற வரைக்கும் கேளுங்க. பதில் சொல்லலைன்னா கோவிச்சுக்காதீங்க."

அவர் தண்ணீர் குடித்துவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்து போவார். முதல் சனிக்கிழமை அவர் போனதும், ஜெராக்ஸ் அக்கா அவர் உட்கார்ந்த நாற்காலியைக் கவிழ்த்து அடியில் பார்த்தாள். எதுவும் இல்லை. அடுத்த வாரம் அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. அதனால் சொல்லிவிட்டாள்.

"பாக்க வேண்டியதுதான்" என்றார். "அவ வீட்டுக்கு வர்ற நாள்ல என் போனைக் கழட்டி அவ முன்னாடி வெச்சுடறேன். பேட்டரி தனியா, போன் தனியா. அப்பவும் அவ என்னை நம்பலை. சாப்பிட்டுட்டே ஓரக்கண்ணால அதையே பாக்கிறா."

"எத்தனை வாரமா வெக்கிறீங்க?"

"ஏழு."

"இன்னும் வைங்க" என்றாள் ஜெராக்ஸ் அக்கா.

சரியென்று தலையாட்டிவிட்டு அவர் எழுந்தார். மகள் வரும் நாள் அது. காய்கறி வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்றார்.