வாளோடு வந்தவனும் பிள்ளையாரின் மூஞ்சூறும்

பட்டறை ஆசான் மாஸ்த்ரோ தீட்டியதை அவரைக் கேட்காமல் மாற்றலாமா?

இத்தாலியின் சிசிலித் தீவில், அல்பெர்கேரியா என்ற பகுதியில், அந்த ஊர்க் குதிரை வண்டிகளுக்குச் சித்திரம் தீட்டும் பட்டறையில் எனக்கு அது மூன்றாவது மாதம். மாத முடிவில் ஒப்பந்தம் தருவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மாஸ்த்ரோ சொல்வார். ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பது கஷ்டம். இரண்டு வயது மகளுக்குச் சோறு ஊட்டும்போதும் எனக்கு அதே யோசனைதான்.

அப்போதுதான் பலசரக்குக் கடைக்காரர் குலம் அண்ணை வந்தார். புதுக் கடைக்குப் பிள்ளையார் படம் வேண்டும். நடுவில் தங்கத்தாளும் கல்லும் பதித்த தஞ்சாவூர்ப் பிள்ளையார். சுற்றிவர வண்டிச் சித்திரம்.

"ரெண்டு ஊரும் தெரியோணும், தங்கச்சி."

பிள்ளையாரையும் காலடியில் மூஞ்சூறையும் நான் வரைந்தேன். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டேன். சாமிக்கு மூச்சுவிட இடம் வேண்டாமா? அதை மாஸ்த்ரோவிடம் சொல்லாததுதான் என் பிழை. வண்டிச் சித்திரக்காரருக்கு வெறும் இடம் என்றால் முடிக்காமல் விட்ட வேலை. மறுநாள் காலை வந்து பார்த்தால், அங்கே, வண்டிகளில் வழக்கமாகத் தீட்டும் கவசம் போட்ட வீரன் ஒருவன் குதிரையில் பாய்கிறான். ஓங்கிய வாள் நேரே மூஞ்சூறின் கழுத்துக்கு!

"நீ மறந்துபோனாய், நான் முடிச்சுப்போட்டன்," என்றார் மாஸ்த்ரோ இத்தாலியனில், பெருமையாக.

நான் வாய் திறப்பதற்குள் குலம் அண்ணை வந்துவிட்டார்.

"ஐயோ, ஆர் இவன்? பிள்ளையாரின்ரை வாகனத்தையெல்லோ வெட்ட வாறான்! எனக்கு உது வேண்டாம்."

"என்னவாம்?" என்றார் மாஸ்த்ரோ.

"குதிரை நல்லா இருக்காம்," என்றேன்.

மாஸ்த்ரோ மகிழ்ந்துபோய்க் கோப்பி குடிக்கப் போனார். அண்ணையை இருத்திவிட்டுத் தூரிகையை எடுத்தேன். வாளுக்குக் கணுக்கள் போட்டேன், நுனியில் பச்சைத் தோகை வைத்தேன். வாள் கரும்பாயிற்று.

அண்ணை குனிந்து பார்த்தார். "ஓம், இப்ப சரி. படைக்கத்தான் அவசரமா வாறான். கட்டித் தாங்கோ."

திரும்பி வந்த மாஸ்த்ரோ கண்ணாடியைப் போட்டார். "என்ரை வீரன் என்ன, மரக்கறி விக்கிறவனோ?"

தூரிகையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவர் குனிந்து கரும்பைக் கணுக் கணுவாக ஆராய்ந்தார்.

"கணு நல்லா வந்திருக்கு. திங்கக்கிழமை கையெழுத்து வைக்க வா. இனி வெறும் இடம் விட்டால், சொல்லிப்போட்டு விடு."

அன்றிலிருந்து ஒரு விரலளவு இடம் விட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அண்ணையின் மனைவி முருகன் படம் கேட்கிறார். முருகன் கையில் வேல். இந்த முறை தன் வீரனுக்கு வாள் கட்டாயம் என்கிறார் மாஸ்த்ரோ. இருவரையும் சண்டையில்லாமல் ஒரே பலகையில் எப்படி நிறுத்துவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மயிலை எந்தப் பக்கம் வைத்தால் பாதுகாப்பு என்பதையும்.